திறமூலத் திட்டத்தில் நிரலை எளிமையாக்க இசைவு காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திறமூலத் திட்டங்களில் (மூலநிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள் திட்டங்களில்) நிரலை எளிமையாக்க வேண்டும் என்று யாராவது முன்மொழியும் ஒவ்வொரு முறையும், புதிதாக வந்தவர்களும் பல ஆண்டுகளாக இருப்பவர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களையே எழுப்புகிறார்கள். பங்களிப்பாளராகவும் பராமரிப்பாளராகவும் இத்தகைய விவாதங்களில் நெடுங்காலம் கலந்துகொண்டிருக்கிறேன். சிலவற்றில் முன்மொழிந்தவன் நான், சிலவற்றில் எதிர்த்தவனும் நான். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

நிரலை எளிமையாக்குவது என்றால் வரிகளைக் குறைப்பதுதானே?

வரிக் கணக்கு ஓர் அறிகுறி மட்டுமே. ஒரு சிறு மாற்றத்தைச் செய்ய வருபவர் எத்தனை விஷயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் சிக்கலின் உண்மையான அளவு. ஆம்-இல்லை என்ற ஐந்து அளவுருக்களை ஏற்கும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) நாற்பது வரிகளில் முடிந்துவிடலாம். ஆனால் அது 32 விதமாக நடந்துகொள்ளக்கூடும், அவற்றில் எவை யாருக்குத் தேவைப்படுகின்றன என்பது எழுதியவருக்கே இப்போது நினைவில் இருக்காது. அதையே நோக்கம் தெளிவான மூன்று ஃபங்ஷன்களாகப் பிரித்தால் வரிகள் அறுபதாகக் கூடலாம். படிப்பவரின் சுமையோ குறைந்திருக்கும்.

இதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. ஏனெனில் எளிமையாக்கல் என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன: யாரும் அழைக்காத நிரலை அகற்றுவது, ஒரே காரியத்தைச் செய்யும் இரண்டு வழிகளை ஒன்றாக்குவது, வெளியே தெரியாதபடி உள்ளமைப்பைத் திருத்துவது, பயனர்கள் கையில் இருக்கும் வசதி ஒன்றைக் கைவிடுவது. முதலாவதற்கு ஒரு மறுபார்வையாளர் போதும். கடைசியானதற்கு மாதக்கணக்கில் பேச வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே முன்மொழிவில் போட்டால், கடைசியானதற்கு வரும் எதிர்ப்பு முதலாவதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

நல்ல காரியம்தானே, இதற்கு ஏன் மற்றவர்களுடைய சம்மதம் வேண்டும்?

ஏனெனில் நன்மையும் இழப்பும் ஒரே ஆளுக்கு, ஒரே நேரத்தில் வருவதில்லை. எளிமையான நிரலால் வரும் நன்மை எல்லோருக்கும் சிறிது சிறிதாக, வரும் ஆண்டுகளில் கிடைக்கும். இழப்பு குறிப்பிட்ட சிலருக்கு, உடனே நேரும். ஒரு கோப்பை மூன்றாகப் பிரித்தால், அதே கோப்பில் மூன்று வாரமாக உழைத்துப் புல் ரிக்வெஸ்ட் (தம் மாற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள்) அனுப்பிவிட்டுக் காத்திருப்பவரின் வேலை முரண்பட்டு நிற்கும். அந்தக் கோப்பை மனப்பாடமாக அறிந்திருந்த பழைய பங்களிப்பாளர் இனி வழி தேட வேண்டியிருக்கும். உங்கள் நிரலகத்தின் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பின்) மேல் வேறொன்றைக் கட்டியவர் தம் நிரலையும் திருத்த வேண்டியிருக்கும்.

சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் அணியில் மேலாளர் ஒரு முடிவைச் சொல்லிவிடலாம். இங்கே வருபவர்களில் பெரும்பாலோர் தம் சொந்த நேரத்தைக் கொடுக்கிறார்கள். கேட்காமல் செய்துவிட்டார்கள் என்ற வருத்தம் தோன்றினால் அவர்கள் சண்டை போடுவதில்லை, சத்தமில்லாமல் விலகிவிடுகிறார்கள். அப்படி ஒருவர் போன பிறகு நிரல் எவ்வளவு எளிமையாக இருந்தாலும் அதைப் பராமரிக்க ஆள் இருக்காது.

இசைவு என்றால் எல்லோரும் "சரி" என்று சொல்லியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐஈடிஎஃப் அமைப்பு வாக்கெடுப்பைத் தவிர்த்து, தோராயமான இசைவு என்ற முறையைப் பின்பற்றுகிறது. 2014இல் வெளிவந்த ஆர்எஃப்சி 7282 ஆவணம் அதை விளக்குகிறது: எழுப்பப்பட்ட ஒவ்வோர் ஆட்சேபத்தையும் குழு எடுத்துப் பார்த்துப் பதில் கண்டிருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இணங்கிப் போயிருக்க வேண்டும் என்பதில்லை. நூறு பேர் ஆதரித்தாலும் ஒருவர் சுட்டிய உண்மையான குறைக்குப் பதில் இல்லையென்றால் அங்கே இசைவு இல்லை. ஐந்து பேர் மறுத்தாலும் அவர்கள் சொன்ன காரணங்கள் ஆராயப்பட்டுப் பதில் பெற்றுவிட்டன என்றால் இசைவு இருக்கலாம். ஆகவே தலைகளை எண்ணுவதைவிட ஆட்சேபங்களை எண்ணுவதே பொருத்தம்.

திறமூல மென்பொருள்களை வளர்க்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் இதற்கு இன்னும் நடைமுறையான வடிவம் உண்டு. சிறிய விஷயங்களில், "இதைச் செய்யப் போகிறேன்" என்று அறிவித்துவிட்டு, வழக்கமாகக் குறைந்தது 72 மணி நேரம் காத்திருந்து, யாரும் மறுக்கவில்லையென்றால் செய்துவிடலாம். நிரல் மாற்றத்துக்கு ஒருவர் -1 என்று வாக்களித்தால் அது தடையாகும். ஆனால் அதனுடன் தொழில்நுட்பக் காரணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், காரணமில்லாத தடை செல்லாது. சிறு திட்டங்களுக்கும் இந்த விதியை நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அது மறுப்பவருக்கு அதிகாரத்தையும் பொறுப்பையும் சேர்த்தே கொடுக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது? நேராகப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பிவிடலாமா?

யாரும் அழைக்காத ஃபங்ஷனை நீக்குவதென்றால் தாராளமாக அனுப்பலாம். அதைவிடப் பெரியதென்றால், தீர்வை முன்வைப்பதற்கு முன்னால் சிக்கலை முன்வையுங்கள். எட்டாயிரம் வரிகள் மாறியிருக்கும் ஒரு புல் ரிக்வெஸ்ட் திடீரென்று வந்து நின்றால், பார்ப்பவருக்கு இரண்டு வழிகள்தாம் தெரியும்: முழுதாக ஏற்பது, முழுதாக மறுப்பது. உழைத்தவருக்கோ அதற்குள் அதன்மேல் பற்று வந்திருக்கும். அந்த நிலையில் நடக்கும் பேச்சை விவாதம் என்று சொல்வது கடினம்.

சிக்கலைக் காட்ட நிரல் வரலாற்றைவிட நல்ல சான்று இல்லை. "இந்தப் பகுதி குழப்பமாக இருக்கிறது" என்பது ஒருவருடைய கருத்து. "கடந்த ஓராண்டில் இந்தக் கோப்பில் சரிசெய்த 11 வழுக்களில் ஏழு, அமைப்புகளைப் படிக்கும் இரண்டு வழிகளில் ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மற்றதை மறந்ததால் வந்தவை" என்பது யாரும் சரிபார்க்கக்கூடிய செய்தி. இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்காகச் சொன்னவை. உங்கள் திட்டத்தின் எண்களை, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றிலிருந்து ஒரு மாலைப் பொழுதில் எடுத்துவிடலாம். அதன் கீழே, எதை மாற்றப் போவதில்லை என்பதையும் எழுதுங்கள். எதிர்ப்புகளில் கணிசமானவை, முன்மொழிவு எங்கே நிற்கும் என்று தெரியாத அச்சத்தால் வருபவை.

இந்த வரி எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை, எடுத்துவிடலாமே?

எதற்கென்று தெரிந்த பிறகு எடுக்கலாம். இதற்கு என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு திட்டத்தில் அமைப்புக் கோப்பை எழுதும் ஃபங்ஷன் ஒன்று இருந்தது. அது முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதும், அதை வட்டில் பதியச் செய்யும், பிறகு உண்மையான பெயருக்கு மாற்றும். அதோடு நிற்காமல், அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையைத் திறந்து அதையும் வட்டில் பதியச் செய்துவிட்டு மூடும். இந்தக் கடைசி நான்கு வரிகள் எனக்கு வீணாகப் பட்டன. எடுத்துப் பார்த்தேன்; எல்லாச் சோதனைகளும் தேறின. நீக்கச் சொல்லி முன்மொழிந்தேன்.

ஒரு மறுபார்வையாளர், "இதை எழுதியவரிடம் கேட்டீர்களா" என்று மட்டும் கேட்டார். ஒரு வரியைக் கடைசியாக மாற்றியது எது என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையை ஓட்டியபோது, அந்த வரிகள் ஒரு வடிவமைப்புக் கமிட்டில் (நிரலின் தோற்றத்தை மட்டும் ஒழுங்குபடுத்திய, பதிவான மாற்றத்தில்) போய் நின்றன. அதற்குப் பின்னால் ஒரு கோப்பு இடமாற்றம். அதற்கும் பின்னால், ஆறு ஆண்டுக்கு முந்தைய கமிட் ஒன்றில் ஒரு வழு எண் இருந்தது. எழுதியவர் இரண்டு ஆண்டுகளாகத் திட்டத்தின் பக்கம் வராதவர். ஆனாலும் கேட்டவுடன் நான்கு வரியில் பதில் அனுப்பினார்: பெயர் மாற்றம் என்பது கோப்புறையில் நிகழும் மாற்றம், கோப்புறை வட்டில் பதியும் முன் மின்சாரம் போனால் அந்தப் பெயர் மாற்றம் நடக்காததுபோல் ஆகிவிடலாம், அப்படி அமைப்புகளை இழந்த கருவிகளைப் பற்றித்தான் அந்த வழு. சோதனைகள் மின்சாரத்தைத் துண்டித்துப் பார்ப்பதில்லை, அதனால்தான் தேறின. அந்த வரிகளை அப்படியே வைத்து, மேலே காரணத்தை இரண்டு வரியில் குறிப்பாக எழுதினோம். அதே உரையாடலில் அவரே, அந்த ஃபங்ஷனில் மூன்று முறை மீண்டும் முயலும் சுற்று தாம் அன்று ஊகத்தில் சேர்த்தது, தேவையில்லை என்றார். அதை நீக்கினோம். நான் நீக்க நினைத்தது தங்கியது, நான் கவனிக்காதது போயிற்று. இரண்டுமே கேட்டதால் நடந்தவை.

வடிவமைப்புக் கமிட்டுகள் வரலாற்றை மறைப்பதைத் தவிர்க்க, 2019இல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து ஒரு வழி உண்டு. அத்தகைய கமிட்டுகளின் அடையாளங்களை ஒரு கோப்பில் எழுதிவைத்து, அந்தக் கோப்பைப் பார்க்கும்படி அமைத்தால் பிளேம் அவற்றைத் தாண்டிப் பார்க்கும். பெரிய ஒழுங்குபடுத்தலுக்கு முன்பே அந்தக் கோப்பைத் திட்டத்தில் சேர்த்துவிட்டால் ஓர் எதிர்ப்பு குறையும்.

ஒரு வசதியை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழுமையாகத் தெரிந்துகொள்ள முடியாது. பயனர்கள் போதுமான அளவுக்குப் பெருகிவிட்டால், ஆவணத்தில் உறுதியளித்தது எதுவானாலும், வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார் என்பதை மென்பொருள் உலகில் ஹைரம் விதி என்கிறார்கள். இருந்தாலும் நெருங்கிப் பார்க்க வழிகள் உண்டு. ரஸ்ட் நிரல்மொழியின் அணியினர் கிரேட்டர் என்ற கருவியால், பொதுவெளியில் உள்ள ரஸ்ட் நிரலகங்களைப் புதிய கம்பைலரால் (நிரலை இயங்கும் வடிவமாக்கும் மென்பொருளால்) கட்டிப் பார்த்து எவை உடைகின்றன என்று அறிகிறார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் உள்ள எல்லா மூலநிரல்களிலும் ஒரு ஃபங்ஷன் பெயரைத் தேடிப் பார்க்கப் பொதுத் தேடல் சேவை இருக்கிறது. இவை எதுவும் பொருந்தாத சிறு திட்டத்தில், அந்த வசதியைத் தொடும்போது எச்சரிக்கை ஒன்று தோன்றும்படி செய்து, ஒன்றிரண்டு வெளியீடுகள் வரை காத்திருப்பதே வழி.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், ரெய்சர்எஃப்எஸ் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் முறை) போன விதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2001இல் சேர்ந்த அது, பிற்காலத்தில் வளர்ச்சி நின்று, மற்றக் கோப்பு முறைமைகளில் செய்யும் ஒவ்வொரு பொது மாற்றத்துக்கும் சுமையானது. 2022இல் வெளிவந்த 5.18 பதிப்பிலிருந்து, அதை ஏற்றும்போதெல்லாம் 2025இல் நீக்கப்படும் என்ற அறிவிப்பு தோன்றியது. 2025 ஜனவரியில் வந்த 6.13 பதிப்பில் நீக்கப்பட்டது. வேறு முறைமைக்கு மாற வேண்டியவர்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் கிடைத்தன.

பழைய வசதியை நீக்கினால் பயனர்கள் கோபப்பட மாட்டார்களா?

சிலர் கோபப்படுவார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொன்னோமா, மாற்று வழி காட்டினோமா என்பதைப் பொறுத்து அந்தக் கோபம் நியாயமானதா இல்லையா என்பது அமையும். பைத்தான் நிரல்மொழியின் பெப் 594 முன்மொழிவு, மொழியோடு சேர்ந்தே வரும் தரநிலை நூலகத்தில் வழக்கொழிந்த மாட்யூல்களை (தனித்தனி நிரல் பகுதிகளை) அகற்றச் சொன்னது. 2019இல் எழுதப்பட்டு, 2022இல்தான் ஏற்கப்பட்டது. இடையே எழுந்த எதிர்ப்பால் சில மாட்யூல்கள் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டன. ஃபைல்இன்புட், கலர்சிஸ் இரண்டும் அப்படித் தப்பியவை. 3.11 பதிப்பில் எச்சரிக்கை வந்தது, 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் 19 மாட்யூல்கள் போயின. ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஏன் போகிறது, மாற்று என்ன என்று தனித்தனியே எழுதியிருந்ததுதான் அந்த ஆவணத்தின் பலம்.

வைத்திருப்பதற்கும் விலை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. 2021 டிசம்பரில் உலகை உலுக்கிய லாக்4ஷெல் பாதுகாப்புக் குறை, மென்பொருளில் நடப்பவற்றைப் பதிவு செய்யும் லாக்4ஜே நிரலகத்தில் 2013இல் சேர்ந்த, பெரும்பாலோர் பயன்படுத்தாத ஒரு தேடல் வசதியிலிருந்து வந்தது. தங்களுக்கே பிடிக்காத அந்த வசதியைப் பழைய பயனர்களுக்காகவே வைத்திருந்ததாக அதன் பராமரிப்பாளர் ஒருவர் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். "யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்" என்று யாராவது சொல்லும்போது நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

அந்த நிரலை எழுதியவரே எதிர்த்தால் என்ன செய்வது?

முதலில் உங்கள் முன்மொழிவை மறுபடி படித்துப் பாருங்கள். குப்பை, அசிங்கம், யாரோ எழுதிவைத்தது என்ற சொற்கள் அதில் இருந்தால் எதிர்ப்பின் ஒரு பகுதி அந்தச் சொற்களுக்கானது. அந்த நிரல் எழுதப்பட்ட நாளில் இருந்த கம்பைலரும் கருவிகளும் வேறு. அன்று இரவு அது ஓடியதால்தான் இன்று நாம் விவாதிக்க ஒரு திட்டம் இருக்கிறது. "இந்த அமைப்பு அன்று மூன்று தளங்களில் ஓட வேண்டியிருந்தது, இன்று ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது" என்று எழுதினால் அதே செய்தி வேறு விதமாகப் போய்ச் சேரும். இதை நயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சிக்கலுக்கான காரணத்தை இந்த வாக்கியம் துல்லியமாகச் சொல்கிறது, முந்தைய சொற்கள் எதையும் சொல்வதில்லை.

அடுத்து, அவரை மறுபார்வையாளராக அழையுங்கள். லினக்ஸ் 1991இல் இன்டெல் 386 சில்லு கொண்ட கணினியில்தான் பிறந்தது. அந்தச் சில்லுக்கான ஆதரவை 2012 டிசம்பரில் நீக்கும் மாற்றம் வந்தபோது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தயங்காமல் ஏற்றுக்கொண்டார், 2013இல் வந்த 3.8 பதிப்பில் அது இல்லை. எல்லோருக்கும் அந்த மனநிலை வாய்க்காது. ஆனால் தம் நிரலைக் கழற்றும் வேலையில் தாமே கைகொடுத்தவர்கள், அது போனதைப் பற்றிப் பின்னால் குறைப்பட்டு நான் பார்த்ததில்லை.

எல்லோரும் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரே ஒருவர் விடாமல் மறுத்தால்?

ஆட்சேபத்துக்குப் பதில் காண்பது பற்றி மூன்றாம் கேள்வியில் சொன்னது இங்கே முழுதாகப் பொருந்தும். அவருடைய ஆட்சேபத்தை உங்கள் சொற்களில் எழுதி, "நீங்கள் சொல்வது இதுதானே" என்று கேளுங்கள். "ஆம், அதுதான்" என்று அவர் சொல்லும் வரை திருத்தி எழுதுங்கள். இந்த ஒரு படியைச் செய்யாததால் மாதக்கணக்கில் இழுத்த விவாதங்களை அறிவேன்; இரு தரப்பும் வெவ்வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். அவர் மறுப்பது மாற்றத்தையா, காலத்தையா, முறையையா என்பது அப்போதுதான் தெரியவரும். "இந்த வெளியீட்டுக்கு முன் வேண்டாம்" என்பதை முழு மறுப்பாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

ஆட்சேபம் தெளிவாகிப் பதிலும் எழுதப்பட்டுவிட்டது, புதிய காரணம் எதுவும் வரவில்லை, பழையதே திரும்பத் திரும்ப வருகிறது என்றால், பராமரிப்பாளர் விவாதத்தை முடிக்கலாம். அப்போது அவருடைய ஆட்சேபம் முடிவுக் குறிப்பில் நேர்மையாகப் பதிவாக வேண்டும். தம் சொல் கேட்கப்பட்டது என்பது எழுத்தில் இருந்தால், உடன்படாமலேயே ஒத்துழைக்க மனிதர்களால் முடிகிறது.

யாருமே பதில் சொல்லவில்லை, மௌனம் சம்மதமா?

திரும்பப் பெறக்கூடிய மாற்றங்களுக்குச் சம்மதம். திரும்பப் பெற முடியாதவற்றுக்கு அல்ல. உள்ளமைப்பு மாற்றத்தை அடுத்த நாளே திருப்பிவிடலாம். தரவின் சேமிப்பு வடிவத்தையோ வெளி இடைமுகத்தையோ மாற்றுவதென்றால், அந்தப் பகுதியில் அண்மையில் கை வைத்த இருவரையாவது பெயர் சொல்லி அழைத்து, "வெள்ளிக்கிழமைக்குள் பாருங்கள், நேரமில்லையென்றால் அதையாவது சொல்லுங்கள்" என்று கேட்பது அவசியம். பொதுவாகக் கேட்ட கேள்விக்குப் பொதுவாக யாரும் பதில் சொல்வதில்லை.

இவ்வளவு பேசுவதற்கு, மொத்தத்தையும் புதிதாக எழுதிவிட்டால் என்ன?

நெட்ஸ்கேப் நிறுவனம் 1998 மார்ச்சில் தன் உலாவியின் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதே ஆண்டில், பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிய எஞ்சினை (இணையப் பக்கத்தைத் திரையில் காட்டும் பகுதியை) மையமாக வைத்து மீண்டும் கட்டுவது என்று முடிவானது. அப்படிக் கட்டிய மொசில்லா 1.0 வந்தது 2002 ஜூனில். இடைப்பட்ட ஆண்டுகளில் சந்தை கைமாறிவிட்டது. புதிதாக எழுதும்போது பழைய நிரலில் படிந்திருக்கும் நூற்றுக்கணக்கான சிறு அறிவுகளை, என் கோப்புறைக் கதையில் வந்த நான்கு வரிகளைப் போன்றவற்றை, ஒவ்வொன்றாக மறுபடி அடிபட்டுக் கற்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அதே திட்டத்திலிருந்து எதிர்த் திசைப் பாடமும் கிடைக்கிறது. அஞ்சல், பக்க வடிவமைப்பு எல்லாம் ஒன்றாகப் பிணைந்திருந்த மொசில்லா தொகுப்பு கனமாகிவிட்டது என்று கருதிய சிலர், 2002இல் அதே எஞ்சினை வைத்துக்கொண்டு உலாவியை மட்டும் தனியே பிரித்தெடுத்தார்கள். தொகுப்பு அதன் போக்கில் தொடர்ந்தது. யாரிடமும் எதையும் பறிக்கவில்லை. அந்தப் பரிசோதனைதான் 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 ஆனது. இசைவு கிடைக்காத எளிமையாக்கலை, பக்கத்தில் ஓடும் பரிசோதனையாகச் செய்துகாட்டுவது பல வாதங்களைவிட வலுவானது.

பெரிய மாற்றத்தை எப்படிப் பிரித்துச் செய்வது?

நிரலை இடம் மாற்றுவதையும் நிரலின் பொருளை மாற்றுவதையும் ஒருபோதும் ஒரே கமிட்டில் கலக்காதீர்கள். இதைவிட முக்கியமான அறிவுரை என்னிடம் இல்லை. இடமாற்றம் ஆயிரம் வரியானாலும் மறுபார்வையாளர் நிம்மதியாகப் பார்த்துவிடுவார். அதற்குள் ஒரு நிபந்தனை மாறியிருந்தால் ஆயிரம் வரியையும் சந்தேகத்துடன் படிக்க வேண்டும். முதலில் இன்றைய நடத்தையை அப்படியே பிடித்துவைக்கும் சோதனைகள், பிறகு இடமாற்றம், பிறகு பொருள் மாற்றம், கடைசியில் நீக்கம் என்ற வரிசை ஒத்துவருகிறது.

பாதியில் நின்றுபோவதுதான் பெரிய ஆபத்து. இரண்டு வழிகளை ஒன்றாக்க மூன்றாவது வழியைக் கட்டிவிட்டு, பழைய இரண்டையும் நீக்குவதற்குள் ஆர்வலர் காணாமல் போனால், திட்டம் முன்பைவிடச் சிக்கலாகிவிடும். ஆகவே ஒவ்வொரு படியும் அதோடு நிறுத்தினாலும் முன்பைவிட மேல் என்றிருக்குமாறு பிரியுங்கள். முடியாதென்றால், நீக்கும் வேலையை யார் முடிப்பார் என்பது தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பகிர்ந்து செய்யக்கூடிய வேலையைப் புதியவர்களுக்குக் கொடுப்பதும் இசைவை வளர்க்கும். 2010இல் ஓப்பன்ஆபிஸிலிருந்து பிரிந்த லிப்ரேஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில், பழைய ஸ்டார்ஆபிஸ் காலத்திலிருந்து ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட நிரல் குறிப்புகள் ஏராளமாக இருந்தன. அவற்றை ஆங்கிலமாக்குவதையும் பயன்படாத நிரலைக் களைவதையும் எளிய வேலைகளாகப் பட்டியலிட்டுப் புதியவர்களிடம் விட்டார்கள். துப்புரவில் கை வைத்தவர்களுக்கு அந்தத் துப்புரவு தங்களுடையதாகிவிடுகிறது.

எது எளிமை என்பதிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறதே?

இதுதான் எனக்கு எப்போதும் கடினமாக இருக்கும் கேள்வி. ஒருவருக்கு, ஒரே மாதிரியான மூன்று பகுதிகளைப் பொதுவான ஒன்றாக்குவது எளிமை. இன்னொருவருக்கு, மூன்றும் தனித்தனியே இருந்து ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழே படிக்க முடிவது எளிமை. இரண்டுமே நேர்மையான நிலைப்பாடுகள். இங்கே பொதுவான கொள்கைகளை மேற்கோள் காட்டி யாரும் யாரையும் மாற்றிவிட முடியாது.

பலனளித்த வழி ஒன்றைச் சொல்கிறேன். திட்டத்தின் வரலாற்றிலிருந்து அந்தப் பகுதியைத் தொட்ட மூன்று உண்மையான மாற்றங்களை எடுங்கள்: ஒரு வழுத் திருத்தம், ஒரு புதிய வசதி, ஒரு வேகப்படுத்தல் என்று வெவ்வேறு வகையாக இருந்தால் நல்லது. இரண்டு வடிவங்களிலும் அந்த மூன்றையும் செய்து பாருங்கள். எத்தனை கோப்புகளைத் திறக்க வேண்டியிருந்தது, எங்கே தவறினோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால், அந்தப் பகுதியை முன்பு பார்த்திராத ஒருவரிடம் ஒரு மாற்றத்தைக் கொடுத்துப் பக்கத்தில் அமர்ந்து கவனியுங்கள். விவாதம் ரசனையிலிருந்து நடந்தவற்றுக்கு நகர்ந்துவிடும். உண்மையிலேயே ரசனை மட்டுமான விஷயங்களை, இடைவெளி, அடைப்புக்குறி, வரி நீளம் போன்றவற்றை, கருவியிடம் ஒப்படைத்துவிடுங்கள். கோ நிரல்மொழி, நிரலின் தோற்றத்தைத் தானே ஒழுங்குபடுத்தும் கோஃபம்ட் கருவியுடன் வந்ததால் அந்தச் சமூகத்தில் இந்த விவாதம் பெரும்பாலும் எழுவதே இல்லை.

கடைசி முடிவு யாருடையது?

அது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். சண்டை வந்த பிறகு எழுதினால் அந்த விதியே சண்டையாகிவிடும். பைத்தானில் நெடுங்காலம் அதை உருவாக்கிய கைடோ வான் ராசம் இறுதி முடிவெடுத்தார். ஒரு தொடரியல் மாற்றம் பற்றிய கடுமையான விவாதத்துக்குப் பிறகு 2018 ஜூலையில் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். 2019 முதல் மைய உருவாக்குநர்கள் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழு அதைச் செய்கிறது. ரஸ்டில் ஒரு முன்மொழிவு ஏற்கப்படுவதற்கு முன் பத்து நாள் இறுதிக் கருத்துக் காலம் அறிவிக்கப்படுகிறது. மூன்று பேர் பராமரிக்கும் திட்டத்துக்கு இத்தனை அமைப்பு தேவையில்லை. "இந்தப் பகுதியில் ஐயம் வந்தால் இவர் முடிவு" என்ற ஒரு வரி போதும். முடிவெடுப்பவர், நாளை அந்த நிரலைப் பராமரிக்கப் போகிறவராக இருக்க வேண்டும் என்பது மட்டும் என் வலுவான கருத்து.

எதுவுமே ஒத்துவரவில்லை, ஃபோர்க் செய்துவிடலாமா (நிரலை நகலெடுத்துத் தனித் திட்டமாகப் பிரிந்துவிடலாமா)?

உரிமம் அனுமதிக்கிறது, சில வேளைகளில் அது சரியும்கூட. இணையத் தொடர்பை மறையாக்கும் நிரலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபின், ஓப்பன்பிஎஸ்டி இயங்குதள அணியினர் அதிலிருந்து லிப்ரேஎஸ்எஸ்எல்லைப் பிரித்தார்கள். முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 90,000 வரிகளை நீக்கினார்கள்; விஎம்எஸ், 16-பிட் விண்டோஸ் போன்ற பழைய தளங்களுக்கான நிரலும் அதில் போயிற்று. யாரிடமும் இசைவு கேட்கத் தேவையில்லாததே அந்த வேகத்துக்குக் காரணம். அதன் மறுபக்கமும் உண்டு: இரண்டு நிரலகங்களும் விலகிச் செல்லச் செல்ல, மற்ற மென்பொருள்களை லிப்ரேஎஸ்எஸ்எல்லுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டே இருக்கும் சுமை கூடியது. ஜென்டூ, வாய்டு ஆகிய லினக்ஸ் வழங்கல்கள் 2021இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கே திரும்பின.

பிரிவு பிளவாகவே முடிய வேண்டும் என்பதும் இல்லை. ஜிசிசி கம்பைலரின் மந்தமான போக்கில் நிறைவில்லாதவர்கள் 1997இல் ஈஜிசிஎஸ் என்று பிரிந்தார்கள். 1999இல் அதுவே அதிகாரபூர்வ ஜிசிசி ஆனது. பிரிந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தால் கதவு மூடுவதில்லை.

முடிவெடுத்து ஆறு மாதம் கழித்து யாராவது வந்து அதையே மறுபடி கிளப்பினால்?

அவர் புதிதாக என்ன கொண்டு வந்திருக்கிறார் என்று பாருங்கள். புதிய தகவல் இருந்தால் திறக்கலாம். இல்லையென்றால் முடிவுக் குறிப்பைக் காட்டினால் போதும். அதற்காகவே அந்தக் குறிப்பு நிரலோடு சேர்ந்து களஞ்சியத்திலேயே இருக்க வேண்டும். எதை மாற்றினோம், என்னென்ன மாற்று வழிகளைப் பார்த்தோம், யார் எந்தக் காரணத்தால் உடன்படவில்லை, எது நடந்தால் இந்த முடிவைத் திரும்பப் பார்ப்போம் என்பவை அதில் இருந்தால் ஒரு பக்கத்துக்குமேல் போகாது.

கடைசியாகச் சொன்னது பலர் விட்டுவிடுவது. "இந்த வசதி வேண்டும் என்று அடுத்த இரண்டு வெளியீடுகளுக்குள் பயனர்கள் கேட்டு, அதைப் பராமரிக்க ஒருவர் முன்வந்தால் திரும்பச் சேர்ப்போம்" என்று எழுதிவைத்துத்தான், நான் பராமரிக்கும் ஒரு நிரலகத்தில் ஒரு பழைய ஏற்றுமதி வடிவத்தை நீக்கினோம். இரண்டாம் வெளியீட்டுக்குச் சற்று முன்னர் ஒருவர் வந்து கேட்டார், பராமரிக்கவும் ஒப்புக்கொண்டார். பழையது 900 வரிகள் இருந்தது. அவர் தமக்குத் தேவையானதை மட்டும் 140 வரிகளில் எழுதிச் சேர்த்தார்.